ஜெர்மனிக்கு ஓ-பேராகப் போக நினைக்கிறேன், அப்பா மறுக்கிறார்: அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

நீலவேணி, கோவை

அனைவருக்கும் வணக்கம். பி.காம். முடித்துவிட்டேன், வயது 22. கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கும்போதே ஜெர்மன் வகுப்பில் சேர்ந்து ஏ1 (தொடக்க நிலை) தேர்வில் தேறினேன். இப்போது ஏ2 படிக்கிறேன். முதுகலையில் சேருவதற்கு முன் ஓராண்டு ஜெர்மனியில் ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே மொழியைச் சரளமாகக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறேன். இப்படிப் போகிறவர்களைத்தான் ஓ-பேர் என்கிறார்கள். இணையதளம் ஒன்றின் வழியாக ஃப்ரைபுர்க் நகரத்தில் ஒரு குடும்பம் கிடைத்திருக்கிறது. அம்மா பல் மருத்துவர், அப்பா பள்ளி ஆசிரியர். பையனுக்கு 6 வயது, பெண்ணுக்கு 3. வீடியோ அழைப்பில் பேசியிருக்கிறோம், பழகுவதற்கு இனிமையானவர்களாகத் தெரிகிறார்கள்.

வீட்டில்தான் சிக்கல். "உன்னைப் படிக்க வைத்தது அடுத்தவர் வீட்டில் ஆயா வேலை பார்க்கவா?" என்று அப்பா கேட்கிறார். அம்மாவுக்குப் பாதுகாப்பைப் பற்றிய பயம். பெரியப்பாவோ கல்யாணப் பேச்சு வரும்போது இதற்கு என்ன பதில் சொல்வது என்று கவலைப்படுகிறார். இதற்கு நடுவில் லண்டனில் இருந்தும் ஒரு குடும்பம் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. மாதம் 900 பவுண்டு தருவார்களாம். விசா ஏற்பாட்டுக்கு அவர்கள் சொல்லும் வழக்கறிஞருக்கு 45,000 ரூபாய் அனுப்ப வேண்டுமாம். பணம் அதிகம் என்பதால் அம்மா அதுவே மேல் என்கிறார்.

இந்த ஓராண்டு வீணாகிவிடுமா? போய் வந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

வன்னிமகன், டோர்ட்முண்ட்

தங்கை, முதலில் லண்டன் கடிதத்துக்குப் பதில் எழுதுவதை நிறுத்துங்கள். ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். பிரிட்டன் ஓ-பேர் விசாவை 2008ஆம் ஆண்டு நவம்பரிலேயே எடுத்துவிட்டது. அங்கே ஓ-பேராகப் போக இந்தியர்களுக்கு எந்த விசாவும் கிடையாது. இந்தியப் பட்டதாரிகளுக்கு என்று குலுக்கல் முறையில் ஆண்டுக்கு 3,000 இடங்கள் கொண்ட ஒரு திட்டம் இருக்கிறது. ஆனால் அது அரசு இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிப்பது, அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. பெரிய சம்பளம், அன்பான கடிதம், புன்னகைக்கும் பிள்ளைகளின் படம், கடைசியில் ஒரு வங்கிக் கணக்கு எண் என்று வருவது பல ஆண்டுகளாக நடக்கும் மோசடி. எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் இதில் பணத்தை இழந்திருக்கிறார்கள்.

உண்மையான குடும்பம் உங்களிடம் பணம் கேட்காது. விமானச் சீட்டும் விசா கட்டணமும் பொதுவாக உங்கள் செலவு. அவற்றையும் விமான நிறுவனத்திடமும் விசா மையத்திலும் நேரடியாகச் செலுத்துவீர்கள். குடும்பத்தின் கையில் எதையும் கொடுப்பதில்லை.

வைகைமகள், ஹனோவர்

நீலவேணி, நான் மதுரைக்காரி. ஓ-பேராக ஓராண்டு இருந்துவிட்டு, பிறகு தன்னார்வ சமூகப் பணியில் ஓராண்டைக் கழித்து, இப்போது செவிலியர் பயிற்சியில் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஜெர்மனியில் விதிகள் தெளிவாக இருக்கின்றன. விண்ணப்பிக்கும்போது 18 வயது நிறைந்திருக்க வேண்டும், 27 நிறைந்திருக்கக் கூடாது. ஏ1 அளவு ஜெர்மன் வேண்டும். சான்றிதழ் இருந்தால் மட்டும் போதாது, விசா நேர்காணலில் ஜெர்மனில் இரண்டு கேள்வி கேட்டால் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். நாளுக்கு 6 மணி நேரம், வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இரவில் பெற்றோர் வெளியே போகும்போது நீங்கள் பிள்ளைகளுக்குத் துணையாக வீட்டில் இருக்கும் நேரமும் அந்த 30க்குள் அடங்கும். வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை, நான்கு மாலைப் பொழுதுகள் உங்களுடையவை. ஓராண்டு இருந்தால் நான்கு வாரம் விடுப்பு, அந்த நாட்களிலும் கைச்செலவுப் பணம் நிற்காது. அது மாதம் 280 யூரோ, 2025இன் மதிப்பில் சுமார் 28,000 ரூபாய். அதற்கு மேல் மொழி வகுப்புக்கு மாதம் 70 யூரோவும், மருத்துவ, விபத்து, பொறுப்புக் காப்பீடுகளும் குடும்பத்தின் செலவு. சாப்பாடும் தனி அறையும் அவர்களே தர வேண்டும். அறை 8 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. ஜன்னல் இருக்க வேண்டும், குளிருக்கு வெப்பமூட்டி இருக்க வேண்டும், கதவைப் பூட்டிக்கொள்ள முடிய வேண்டும்.

வேலை என்றால் என்ன என்று உங்கள் அப்பா கேட்பார். என் முதல் குளிர்காலத்தில் ஒரு காலைப் பொழுது இப்படிப் போகும். ஏழரை மணிக்கு வெளியே இன்னும் இருட்டு. மூன்று வயதுக் குழந்தைக்கு முதலில் இறுக்கமான உள்காலுறை, அதன்மேல் கால்சட்டை, அதன்மேல் சேற்றில் புரண்டாலும் நனையாத ரப்பர் கால்சட்டை, கம்பளிச் சட்டை, கழுத்துத் துணி, தொப்பி, விரல் பிரியாத கையுறை, பூட்ஸ். எல்லாவற்றையும் போட்டு முடித்த நிமிடம் குழந்தை "பிப்பி" (சிறுநீர் வருகிறது) என்று சொல்லும். முழுவதையும் கழற்ற வேண்டும். இதற்கிடையில் பெரியவன் பள்ளிப் பையில் ரொட்டிப் பெட்டியை வைத்தானா என்று பார்க்க வேண்டும். இங்கே மழை பெய்தாலும் பனி கொட்டினாலும் மழலையர் பள்ளியில் பிள்ளைகளை வெளியே விளையாட விடுவார்கள். ரப்பர் கால்சட்டையை மறந்துவிட்டு அனுப்பினால் ஆசிரியையிடமிருந்து அன்றைக்கே தொலைபேசி வரும்.

மொழி எங்கே வந்தது என்றால், இந்தப் பிள்ளைகளோடு இருந்த நேரத்தில்தான் வந்தது. நான் ஒரு சொல்லை ஆண்பால் பெண்பால் மாற்றிச் சொன்னால் அந்தச் சிறு பெண் விளையாட்டை நிறுத்திவிட்டு என்னைத் திருத்துவாள், திரும்பச் சொல்லவைப்பாள், அதன் பிறகுதான் விளையாட்டைத் தொடர்வாள். எந்த வகுப்பு ஆசிரியருக்கும் அந்தப் பொறுமை வராது. வந்தபோது ஏ1, ஓராண்டு முடிவில் பி1 (இடைநிலை) தேர்வில் தேறினேன்.

சேமிக்கலாம் என்று மட்டும் வராதீர்கள். தொலைபேசி, பயணம், ஒரு காபி என்று பணம் கரைந்துவிடும். நாடு முழுவதும் செல்லும் மாதப் பயணச்சீட்டே 2025இல் 58 யூரோ. வேறு பகுதி நேர வேலைக்கும் போக முடியாது. ஓராண்டுக்கு மேல் நீட்டிக்கவும் முடியாது, வாழ்நாளில் ஒருமுறைதான் இந்த அனுமதி கிடைக்கும்.

தணிகாசலம், திருவண்ணாமலை

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எனக்கும் இரண்டு பெண்கள். நீலவேணியின் அப்பா பேசியதை நீங்கள் யாரும் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் மகளைத் தடுப்பது ஆணவத்தால் அல்ல. நம் ஊரில் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணை எப்படி நடத்துகிறோம் என்பது அவருக்குத் தெரியும். தனி டம்ளர் வைப்பார்கள், தரையில் உட்காரச் சொல்வார்கள், பெயர்கூடச் சொல்லி அழைக்க மாட்டார்கள். அந்த இடத்தில் தன் மகளை நினைத்துப் பார்க்க எந்தத் தகப்பனால் முடியும்?

அதனால் எனக்கு நேரான பதில் வேண்டும். அந்த வீட்டில் இந்தப் பெண் சாப்பாட்டு மேசையில் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவாளா? அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் யார் பார்ப்பார்கள்? நள்ளிரவில் பிரச்சினை என்றால் யாரைக் கூப்பிடுவாள்?

வைகைமகள், ஹனோவர்

ஐயா, உங்கள் கேள்விகள் மிகச் சரியானவை. குடும்பத்தில் ஒருவராக நடத்த வேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படை. மேசையில் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். மாலை ஆறரை மணிக்கு ரொட்டி, பாலாடைக்கட்டி, வெள்ளரிக்காய், ஊறுகாய் எல்லாம் நடுவில் இருக்கும், அவரவர் எடுத்துக்கொள்வோம். நான் அசைவம் சாப்பிடுவதில்லை என்பதை முன்பே எழுதியிருந்ததால் எனக்கென்று பருப்பு வாங்கி வைத்திருந்தார்கள். வீட்டின் தலைவர் தன் தட்டைத் தானே கழுவுவார். அதைப் பார்த்த பிறகு தட்டுக் கழுவுவது எனக்கு இழிவாகத் தோன்றவில்லை.

உடம்பு சரியில்லாவிட்டால் காப்பீட்டில் மருத்துவரைப் பார்க்கலாம். வேலை செய்ய முடியாத நாட்களிலும் தங்குமிடம், சாப்பாடு, கைச்செலவுப் பணம் மூன்றும் தொடரும். ஆனால் இந்தக் காப்பீடுகள் பழைய நோய்களுக்கும் பெரிய பல் சிகிச்சைக்கும் பொதுவாக உதவாது, அதனால் பல்லை இங்கே வருவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. அவசரத்துக்குக் காவல்துறை 110, ஆம்புலன்ஸ் 112. பெண்களுக்கு எதிரான வன்முறை என்றால் 116 016 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி உதவி கிடைக்கும்.

மரகதம், சென்னை

தொழிலாளர் வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் நான். இங்கே எழுதியவர்களின் நல்ல அனுபவத்தை மறுக்கவில்லை. ஆனால் நல்ல குடும்பம் கிடைத்தது என்பதை வைத்து ஓர் ஏற்பாட்டை மதிப்பிட முடியாது.

மாதத்துக்கு ஏறக்குறைய 130 மணி நேரத்துக்கு 280 யூரோ. மணிக்கு இரண்டேகால் யூரோகூட வரவில்லை. ஜெர்மனியில் 2025ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.82 யூரோ. அறையும் சாப்பாடும் சேர்த்தாலும் கணக்கு உதைக்கிறது. 'இது வேலை அல்ல, பண்பாட்டுப் பரிமாற்றம்' என்று பெயர் வைத்ததால்தான் இந்த இடைவெளி சட்டப்படி செல்லுகிறது.

அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே ஓ-பேர் வாரத்துக்கு 45 மணி நேரம் வரை வேலை செய்யலாம், குறைந்தபட்சத் தொகை 195.75 டாலர். கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியமான 7.25 டாலரை 45ஆல் பெருக்கி, அறைக்கும் உணவுக்கும் 40 விழுக்காட்டைக் கழித்து வந்த எண் அது. முகமை நிறுவனங்கள் எல்லாம் கூடிப் பேசி ஊதியத்தை அந்த அளவிலேயே அமுக்கி வைத்தன என்று ஓ-பேர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2019இல் நிறுவனங்கள் 6 கோடியே 55 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொண்டன. அதே ஆண்டு டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் ஓ-பேர்களுக்கும் பொருந்தும் என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நோர்வே இன்னும் ஒரு படி மேலே போய், 2024 மார்ச்சில் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருவோருக்கான ஓ-பேர் அனுமதியையே நிறுத்திவிட்டது. மலிவுக் கூலிக்கான வழியாக மாறிவிட்டது என்பதுதான் காரணம். அங்கே போனவர்களில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ் பெண்கள். அந்த நாட்டு அரசே 1998இல் ஐரோப்பாவுக்கு ஓ-பேர்களை அனுப்பத் தடை விதித்து, பிறகு படிப்படியாகத் தளர்த்தி 2012இல்தான் முழுவதும் நீக்கியது.

நீலவேணி, போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. குடும்பத்தின் புன்னகையை நம்பாதீர்கள், ஒப்பந்தத்தை நம்புங்கள். அவர்கள் அனுப்பிய ஒப்பந்தத்தையும் வாராந்திர நேர அட்டவணையையும், பெயர் முகவரியை நீக்கிவிட்டு, இங்கே எழுதுங்கள்.

செல்வகுமார், சேலம்

ஆண்களும் போகலாமா? எனக்கு 21 வயது. தம்பி, தங்கையை வளர்த்த அனுபவம் உண்டு.

வன்னிமகன், டோர்ட்முண்ட்

தாராளமாகப் போகலாம் தம்பி, விதியில் ஆண் பெண் வேறுபாடு இல்லை. ஆனால் பல குடும்பங்கள் பெண்களையே கேட்கின்றன, அதனால் உங்களுக்குத் தேட நாள் பிடிக்கும். இரண்டு மூன்று ஆண் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் சில சமயம் இளைஞர்களையே விரும்பும். நீச்சல் தெரிந்தால் எழுதுங்கள், சைக்கிள் தெரிந்தாலும் எழுதுங்கள்.

அகிலா, திருச்சி

என் சித்தி மகள் பிராங்க்ஃபர்ட்டில் குடும்பத்தோடு இருக்கிறாள். கைக்குழந்தை. என் மகளை ஓ-பேராக அழைத்துக்கொள்கிறேன் என்கிறாள். சொந்தக்காரர் வீடு என்றால் பாதுகாப்புதானே?

வன்னிமகன், டோர்ட்முண்ட்

அக்கா, அது நடக்காது. அந்த வீட்டில் ஜெர்மன் தாய்மொழியாகப் பேசப்பட வேண்டும், குறைந்தது அன்றாட வீட்டு மொழியாகவாவது இருக்க வேண்டும். ஜெர்மன் தாய்மொழி இல்லாத குடும்பம் என்றால் ஓ-பேர் அந்தப் பெற்றோரின் சொந்த நாட்டிலிருந்து வரக் கூடாது. உறவினரும் கூடாது. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிறு வயதிலேயே பெற்றோருடன் இங்கே வந்தவன். இங்கே நம் ஆட்கள் பலர் இதை அறியாமல் மருமகளையும் பெறாமகளையும் அழைக்க முயன்று, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு மனம் நொந்திருக்கிறார்கள்.

இந்த விதி சரியானது என்றே நான் நினைக்கிறேன். சொந்தக்காரர் வீட்டில் தமிழிலேயே கதைத்து, தமிழ்ச் சோறு சமைத்து, கைக்குழந்தையை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டு ஓராண்டு இருந்தால் அந்தப் பிள்ளைக்கு ஜெர்மன் எங்கிருந்து வரும்? 'இத்தனை மணிக்கு மேல் செய்ய மாட்டேன்' என்று சித்தியிடம் வாய் திறக்கத்தான் முடியுமா?

பொன்னி, லைப்சிக்

என் முதல் குடும்பம் நல்லபடியாக அமையவில்லை. அதை எழுதினால்தான் இந்த இழைக்குப் பயன் உண்டு என்று நினைக்கிறேன்.

வந்த புதிதில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு வேலை நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. "இன்றைக்கு மட்டும்" என்று தொடங்கிய சனிக்கிழமை வாராவாரம் ஆனது. ஜன்னல் கண்ணாடி துடைக்கச் சொன்னார்கள், தோட்டத்தில் இலை பெருக்கச் சொன்னார்கள். மொழி வகுப்பு இருந்த மாலையில் அந்தத் தாய்க்குக் கூட்டம் வந்துவிடும், நான் வகுப்பை விட வேண்டியிருக்கும். கடவுச்சீட்டைத் தன் அலமாரியில் பத்திரமாக வைப்பதாகக் கேட்டார்கள். அதை மட்டும் நான் கொடுக்கவில்லை.

என்னைக் காப்பாற்றியது ஒரு நோட்டுப் புத்தகம். எழுந்த நேரம், பிள்ளைகளை விட்ட நேரம், அழைத்துவந்த நேரம், என்ன வேலை செய்தேன் என்று ஒவ்வொரு நாளும் எழுதிவைத்தேன். கத்தோலிக்கத் திருச்சபையைச் சார்ந்த 'இன் வியா' என்ற அமைப்பு ஓ-பேர்களுக்கு ஆலோசனை தருகிறது. சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்து 'ஃபெராயின் ஃப்யூர் இன்டர்நாட்சியோனாலே யூகெண்ட்ஆர்பைட்' என்ற அமைப்பு இருக்கிறது. நான் அப்படிப்பட்ட ஓர் ஆலோசகரிடம் நோட்டைக் காட்டினேன். அவர் அதைப் புரட்டிவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "திருத்திக்கொள்ளச் சொல்லிப் பேசிப் பார்க்கிறீர்களா, வீட்டை மாற்றுகிறீர்களா?" மாற்றினேன். ஒப்பந்தப்படி இரண்டு வாரம் முன்னறிவிப்புக் கொடுத்தேன். வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவித்து, புதிய ஒப்பந்தத்தைக் கொடுத்து, குடும்பம் மாற அனுமதி பெற்றேன். மீதமிருந்த மாதங்களை மட்டும் புதிய வீட்டில் கழிக்கலாம், ஓராண்டு மறுபடி தொடங்காது.

இரண்டாவது குடும்பத்தின் பிள்ளைகள் இன்றும் என் பிறந்தநாளுக்குப் படம் வரைந்து அனுப்புகிறார்கள்.

மரகதம் அம்மா சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. வீட்டை மாற்றத் துணிவு எங்கிருந்து வந்தது என்றால், 30 மணி நேரம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததால் வந்தது.

நீலவேணி, கோவை

எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. லண்டன் கடிதத்தைப் பற்றி வன்னிமகன் அண்ணா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். உடனே அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

ஒப்பந்த வரைவின் முக்கியப் பகுதிகள் இவை. திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6.30 முதல் 8.30 வரை, பிற்பகல் 3 முதல் 7 வரை. தேவைப்பட்டால் சனிக்கிழமை மாலை பிள்ளைகளுக்குத் துணை. வாரம் ஒருமுறை கீழ்த்தளத்தில் இருக்கும் பாட்டிக்குக் குளிக்க உதவி. பிள்ளைகளின் துணி துவைத்து மடித்தல், அவர்கள் அறையைச் சுத்தம் செய்தல், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் பாத்திரம் அடுக்குதல். மேல்மாடியில் தனி அறை, 11 சதுர மீட்டர். 280 யூரோவும் 70 யூரோவும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கின்றன. விடுப்பு 'இருவரும் பேசி முடிவு செய்வது' என்று இருக்கிறது. முன்னறிவிப்புக் காலத்தைப் பற்றி ஒன்றுமே இல்லை.

மரகதம், சென்னை

கேட்டதும் எழுதியதற்கு நன்றி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் நான்கு. ஐந்து நாளில் 30 மணி நேரம் முடிந்துவிட்டது. பிறகு சனிக்கிழமைக்கு இடமே இல்லை. சனிக்கிழமை வேண்டுமென்றால் அந்த வாரத்தில் வேறொரு நாளின் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். 'தேவைப்பட்டால்' என்ற சொல்லை அடிக்கச் சொல்லுங்கள்.

பாட்டியைக் குளிப்பாட்டுவது ஓ-பேரின் வேலையே அல்ல. முதியோர் பராமரிப்பும் நோயாளி பராமரிப்பும் இந்த ஏற்பாட்டில் சேராது. இதில் அந்தப் பாட்டியின் மீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை, அவருக்குப் பயிற்சி பெற்ற ஒருவர் உதவ வேண்டும். குளியலறையில் அவர் வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு என்று நினைத்துப் பாருங்கள். இந்த வரி ஒப்பந்தத்தில் இருந்தால் விசா அதிகாரியே விண்ணப்பத்தைத் திருப்பக்கூடும். கட்டாயம் எடுக்க வேண்டும்.

துணி, அறை, பாத்திரம் மூன்றும் சரி. விடுப்பு நான்கு வாரம் என்று எண்ணில் எழுதச் சொல்லுங்கள். முன்னறிவிப்பு இரண்டு வாரம் என்று சேருங்கள். காப்பீடு நீங்கள் ஜெர்மனியில் இறங்கும் நாளிலிருந்தே தொடங்கும் என்ற வரியும் வேண்டும். காலை 8.30க்கும் பிற்பகல் 3க்கும் இடையே ஆறரை மணி நேரம் இருக்கிறது, அது நல்லது. மக்கள் கல்விக்கூடத்தில் (வளர்ந்தவர்களுக்கு வகுப்பு நடத்தும் பொதுக் கல்வி நிலையம்) காலை வகுப்பு இருக்கிறதா என்று அந்தக் குடும்பத்தையே விசாரிக்கச் சொல்லுங்கள். மொழி வகுப்பு நாட்களை அட்டவணையிலேயே எழுதிவிட்டால் பொன்னிக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராது.

இந்தத் திருத்தங்களைக் கேட்கும்போது அவர்கள் எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். முகம் சுளித்தால் வேறு குடும்பம் தேடுங்கள்.

தணிகாசலம், திருவண்ணாமலை

நீலவேணி, உன் அப்பாவிடம் நான் பேசத் தயார். ஒரு தகப்பன் இன்னொரு தகப்பனிடம் பேசுவதாக இருக்கட்டும். ஒரு யோசனை: அடுத்த வீடியோ அழைப்பில் அவரையும் உட்கார வை. அந்தக் குடும்பத்தின் தந்தையும் ஆசிரியர் என்கிறாய். தன் பிள்ளைகளை யாரோ ஒரு பெண்ணை நம்பி ஒப்படைக்கும் பயம் அவருக்கும் இருக்கும். மொழி தெரியாவிட்டால் என்ன, நீ மொழிபெயர்த்துச் சொல். உன் ஜெர்மனை உன் அப்பா கேட்டதே இல்லையே!

மேற்படிப்பைப் பற்றி ஒரு சந்தேகம். அங்கே மாணவராகப் போகிறவர்கள் வங்கியில் பெரிய தொகை காட்ட வேண்டும் என்கிறார்கள். இதற்கும் அப்படி உண்டா?

வைகைமகள், ஹனோவர்

ஐயா, மாணவர் விசாவுக்கு ஓராண்டுச் செலவாக 11,904 யூரோ முடக்கப்பட்ட கணக்கில் (மாதாமாதம் ஒரு பங்கை மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) காட்ட வேண்டும். ஓ-பேருக்கு அது தேவையில்லை, குடும்பமே தங்குமிடமும் உணவும் தருவதால். அதனால்தான் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கதவு முக்கியம் என்று நான் நினைக்கிறேன். மணிக்கு இரண்டேகால் யூரோ என்ற கணக்கை நானும் மறுக்கவில்லை, மரகதம் அம்மா. ஆனால் 12 லட்ச ரூபாயை வங்கியில் வைக்க முடியாத வீட்டிலிருந்து வந்தவள் நான். எனக்கு வேறு கதவு திறக்கவில்லை. அந்த ஓராண்டில் கற்ற மொழியால்தான் செவிலியர் பயிற்சியில் சேர முடிந்தது. இப்போது பயிற்சி ஊதியமாக மாதம் 1,300 யூரோவுக்கு மேல் வருகிறது.

ஆனால் நீலவேணி, முதுகலைதான் உங்கள் குறிக்கோள் என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஃப்ரைபுர்க் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டணம் வாங்குகிறார்கள். பெரும்பாலான மற்ற மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் அது இல்லை. ஓ-பேர் ஆண்டை அங்கே கழித்துவிட்டுப் படிக்க வேறு மாநிலத்துக்குப் போகலாம்.

விசா நேர்காணலில் 'ஏன் ஓ-பேர்?' என்று கேட்பார்கள். பி.காம். படித்தவள் பிள்ளை பார்க்க ஏன் வருகிறாள் என்பது அவர்களுக்கும் உள்ள கேள்விதான். அடுத்து என்ன படிக்கப் போகிறீர்கள், அதற்கு மொழி எப்படி உதவும் என்று கோர்வையாகச் சொல்லத் தெரிய வேண்டும். தம்பி தங்கை, அண்டை வீட்டுப் பிள்ளைகள், கோயில் கோடைக்கால வகுப்பு என்று பிள்ளைகளோடு பழகிய எந்த அனுபவத்தையும் விடாமல் எழுதுங்கள்.

நீலவேணி, கோவை

செய்தி சொல்லத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள்.

திருத்தங்களை அனுப்பினேன். பாட்டியின் குளியல் வரியை உடனே நீக்கிவிட்டார்கள். அது ஓ-பேர் வேலையில் சேராது என்று அவர்களுக்குத் தெரியாதாம், வாரம் இருமுறை வரும் பராமரிப்பு ஊழியரை ஏற்பாடு செய்துவிட்டார்களாம். சனிக்கிழமைக்குப் பதிலாக வெள்ளிக்கிழமை மாலை விடுதலை. விடுப்பு, முன்னறிவிப்பு, காப்பீடு எல்லாம் எழுதப்பட்டுவிட்டன. செவ்வாயும் வியாழனும் காலை வகுப்பு.

அப்பா அழைப்பில் உட்கார்ந்தார். அதிகம் பேசவில்லை. அந்தத் தந்தை தன் மகன் எண்ணச் சிரமப்படுகிறான் என்று சொன்னபோது, நம் வீட்டில் பல்லாங்குழி வைத்து எண்ணச் சொல்லித்தந்ததை அப்பா சொல்லச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அழைப்பு முடிந்ததும் "போகும்போது பல்லாங்குழி எடுத்துக்கொண்டு போ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் வந்துவிட்டது. விசா மையத்தில் நேரம் எடுத்திருக்கிறேன்.

தணிகாசலம் ஐயா, நீங்கள் அப்பாவோடு தொலைபேசியில் பேசியதை அவர் என்னிடம் சொல்லவே இல்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். நன்றி ஐயா.

பொன்னி, லைப்சிக்

மகிழ்ச்சி! வந்ததும் முதல் வேலையாக நகராட்சி அலுவலகத்தில் முகவரிப் பதிவு செய்துவிடுங்கள், இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் வங்கிக் கணக்கு முதல் நூலக அட்டை வரை எதுவும் நகராது. கம்பளி உடைகளை அங்கிருந்து சுமக்க வேண்டாம், இங்கே பழைய பொருள் கடைகளில் நல்லதே மலிவாகக் கிடைக்கும். நோட்டுப் புத்தகத்தை மறக்காதீர்கள், வீடு நல்ல வீடாக இருந்தாலும் எழுதுங்கள்.

செல்வகுமார், சேலம்

இந்த இழையைப் படித்த பிறகு நானும் ஏ1 வகுப்பில் சேர்ந்துவிட்டேன். நெதர்லாந்தில் எப்படி? அங்கே டச்சு மொழித் தேர்வு கேட்பதில்லை என்று நண்பன் சொல்கிறான்.

மரகதம், சென்னை

நெதர்லாந்தில் குடும்பமும் நீங்களும் நேரடியாக முடித்துக்கொள்ள முடியாது தம்பி. அந்நாட்டுக் குடிவரவுத் துறை அங்கீகரித்த முகமை நிறுவனம்தான் விண்ணப்பிக்க வேண்டும். அங்கேயும் வாரத்துக்கு 30 மணி நேரம்தான், ஆனால் வாரம் இரண்டு நாள் விடுமுறை. கைச்செலவுப் பணம் மாதம் 340 யூரோ வரை. நாள்வாரியாக யார் எந்த வேலையைச் செய்வது என்ற அட்டவணையை விண்ணப்பத்தோடு கொடுத்தாக வேண்டும், அது எனக்குப் பிடித்த விதி. முகமை உங்களிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு 34 யூரோ என்று உச்சவரம்பு இருக்கிறது. அங்கே அனுப்புவதாகச் சொல்லி இங்கே யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் பணம் கட்டாதீர்கள். அவர்கள் பெயரையும் அனுப்பிய கடிதத்தையும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.